இந்தியப் படை 1990இல் வெளியேறியது சரியா? வன்னிக்காரர் சொல்லுங்கள்

முத்தையன்கட்டு:

மார்ச் 24 வந்தாலே இந்தச் சண்டை தொடங்கிவிடுகிறது. 1990இல் அதே நாளில்தான், 1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. "வந்த கையோடு போயிருக்க வேண்டும், இரண்டரை வருடம் இருந்ததே அநியாயம்" என்கிறது ஒரு பக்கம். "இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் மாகாணசபை நிலைத்திருக்கும், முள்ளிவாய்க்கால் வரை போயிருக்காது" என்கிறது மறுபக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒருவரும் ஓர் அங்குலம் நகர்ந்தபாடில்லை.

என் நிலைப்பாடு வேறு. போவதா இருப்பதா என்பது வன்னியில் தீர்மானிக்கப்படவே இல்லை. கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாசவின் கழுத்தில், தெற்கில் கிளர்ச்சி செய்த சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. கத்தி வைத்திருந்தது. இந்தியப் பொருள் விற்கும் கடைக்காரனையே மிரட்டிய காலம் அது. தெற்கில் தன் கதிரையைக் காப்பாற்ற அவருக்கு இந்தியக் கொடி இறங்கியாக வேண்டும். 1989 ஜூன் 1இல், ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கெடு வைத்தார். டில்லியில் ராஜீவ் காந்திக்குத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. விரட்டப்பட்டு வந்ததாகவும் இருக்கக் கூடாது, சவப்பெட்டிகள் தொடர்ந்து வரவும் கூடாது. சென்னையில் அந்த வருடம் ஜனவரியில்தான் கருணாநிதி மீண்டும் முதலமைச்சரானார். ஈழத்தமிழனோடு சண்டை பிடிக்கும் படையை அவரால் கொண்டாட முடியாது. மூன்று தலைநகரம், மூன்று கணக்கு.

செப்டெம்பர் 18இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. 20ஆம் திகதியோடு தாக்குதல் நிறுத்தம், டிசம்பர் 31க்குள் வெளியேற்றம். அதே தாளில் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழுவும் இருந்தது. மாகாண முதலமைச்சர், இந்தியத் தளபதி, கொழும்பின் பாதுகாப்புத் தரப்பு மூன்றும் சேர்ந்து மக்களின் பாதுகாப்பைப் பார்க்க வேண்டுமாம். திகதி மூன்று மாதம் பிந்தியாவது நிறைவேறியது. குழு தாளோடு நின்றுவிட்டது.

போகச் சொன்னவர்களில் நான் குற்றம் காணவில்லை. அவர்கள் போன மறுநாள் காலை முல்லைத்தீவில் துவக்கு யார் கையில் இருக்கும் என்று கேட்காமலே போகச் சொன்னதும், கேட்காமலே போனதும்தான் என் வழக்கு. உங்கள் பக்கம் சொல்லுங்கள்.

குமுளமுனை:

தம்பி, 1988இல் நீங்கள் காட்டோரம் இருந்திருந்தால் இப்படி ஆற அமர எழுதமாட்டீர்கள். "செக்மேற்" என்று பெயர் வைத்து நித்திகைக்குளத்துக் காட்டையும் அலம்பில் காட்டையும் உலுப்பினார்கள். தேடப்பட்டவர் பிரபாகரன். அகப்பட்டவர்கள் தேன் எடுக்கப் போனவனும் மாடு தேடிப் போனவனும்.

காலபோகம் விதைத்துவிட்டுக் காவலுக்குப் போக முடியாது. குடிலில் லாம்பு எரிந்தால் ஒரு தரப்புக்குச் சந்தேகம், அணைத்தால் மறுதரப்புக்குச் சந்தேகம். எங்கள் ஐயா லாம்பின் திரியை நகத்தளவுக்கு இறக்கி, மேலே ஓட்டைச் சருவச்சட்டியைக் கவிழ்த்து வைப்பார். ஓட்டை வழியே வரும் வெளிச்சத்தில் பன்றி மிரளாது, மனிதரும் பார்க்கமாட்டார்கள். அந்த வருட நெல்லின் பெரும்பங்கு பன்றிக்குத்தான் போனது.

மறுநாள் துவக்கு யார் கையில் என்று கேட்டால், எங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இன்றிரவு படலையில் யார் நிற்கிறார்கள் என்பது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் 1987 தீபாவளி நாளில் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் சுடப்பட்டதை உலகமே அறியும். 1989 ஜூலை 29இல் முதல் அணியை ஊருக்குக் காட்டி அனுப்பிய சில நாளிலேயே வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். போகப் போகிறோம் என்று சொன்ன பிறகு நடந்தது அது. அப்படிப்பட்ட படையிடம் போய், "ஐயா, கொஞ்சம் ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள்" என்று மனுக் கொடுப்பதா?

மாங்குளம் சந்தி:

குமுளமுனை அண்ணை சொன்னதற்கு மேல் ஒன்று. இந்தியா எங்களைக் காக்க வந்தது என்ற கதையை விட்டுவிடுவோம். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவும் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படியுங்கள். திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவுக்குப் பாதகமாக வேறு நாட்டுப் படைக்குப் போகக் கூடாது, எண்ணெய்க் குதங்கள் இந்தியாவோடு கூட்டாகத் திருத்தப்பட வேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை மீளாய்வு செய்ய வேண்டும். இவைதான் அங்கே இருக்கின்றன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படை வந்து நின்றதற்கு எண்ணெய்க் குதமும் ஒரு காரணம்.

1989இல் ஒரு சிங்கள ஜனாதிபதியும் புலிகளும் கொழும்பில் ஒரே மேசையில் இருந்து "அந்நியப் படை வெளியேற வேண்டும்" என்றார்கள். இந்தத் தீவின் பிரச்சினையை இந்தத் தீவிலேயே பேசித் தீர்க்க அப்படியொரு வாசல் அதற்கு முன் திறக்கவில்லை. அந்த வாசலில் குறுக்கே நின்ற படையை விலகச் சொன்னதில் என்ன குற்றம்?

ஒட்டுசுட்டான் வாசகன்:

வாசல் என்கிறீர்கள். அந்த வாசலால் கைகுலுக்கல் மட்டுமா போனது, சந்தி? பிரேமதாசவின் ஆயுதமும் புலிகளுக்குப் போனது. பின்னாளில் கொழும்பிலேயே வெளிவந்த விடயம் இது. இந்தியனைச் சுடக் கொடுத்த துவக்கு 1990 ஜூனில் யாரைச் சுட்டது?

எனக்கு மாகாணசபை மேல் பற்று உண்டு, மறைக்கவில்லை. மாகாணசபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் வடக்கும் கிழக்கும் ஒரே நிர்வாகமாக இணைந்தது அந்த ஒரு தடவைதான். 1988 கடைசியில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சராகத் திருகோணமலையில் இருந்து வேலை தொடங்கினார். பொலிசையும் கொழும்பு கொடுக்கவில்லை, காணியையும் கொடுக்கவில்லை, காசையும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு நின்ற சபையைக் காத்தது இந்தியப் படைதான். படை போனதும் சபை போனது. 1990 மார்ச் 1இல் அவர் தனிநாட்டுத் தீர்மானம் போட்டுவிட்டு இந்தியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அதன் பிறகு வடக்கு ஒரு மாகாணசபையைப் பார்த்தது 2013 செப்டெம்பரில். அதற்குள் 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் இணைப்பும் போய்விட்டது. இருபத்துமூன்று வருடம் ஆளுநர் ஆண்டார். இதைத்தான் "படை வெளியேற்றம்" என்று கொண்டாடுகிறீர்கள்.

முத்தையன்கட்டு:

ஒட்டுசுட்டான் அண்ணை, சபை பறிபோனதைப் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் 1988 நவம்பரில் வடக்கில் ஒரு வாக்குச்சீட்டும் விழவில்லையே. இந்தியா ஆதரித்த தமிழ் இயக்கங்களான ஈ.பி.ஆர்.எல்.எவ்.வும் ஈ.என்.டி.எல்.எவ்.வும் முப்பத்தாறு இடங்களையும் போட்டியின்றிப் பங்கிட்டுக்கொண்டன. புலிகளின் மிரட்டலில் வேறு எவரும் வேட்புமனுப் போடத் துணியவில்லை என்பது உண்மைதான். அதற்காக அதை மக்கள் ஆணை என்றுவிட முடியாது. மக்கள் தெரிவு செய்யாத சபையை மக்கள் கேட்காத படை காத்தது. வேலிக்கு ஓணான் சாட்சி.

தண்ணீரூற்று ரீச்சர்:

நீங்கள் எல்லோரும் தலைவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பிள்ளைபிடியைப் பற்றி எழுதுகிறேன்.

1989 நடுப்பகுதியில் படை போகத்தான் போகிறது என்று தெரிந்ததும், அது போன பிறகு சபையைக் காக்க ஒரு படை வேண்டுமென்று "தமிழ்த் தேசிய இராணுவம்" தொடங்கப்பட்டது. இந்தியப் பயிற்சி, இந்திய ஆயுதம். ஆள் மட்டும் உள்ளூரில் பிடிக்க வேண்டும். தெருவில் போன பிள்ளைகளைப் பிடித்து ஏற்றினார்கள். எங்கள் பக்கம் வந்தது எந்த அணி என்று பெயர் எழுதமாட்டேன். அவர்களில் பலருடைய பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தான்.

ரியூசனுக்குப் போன பிள்ளைகள் வழியில் இறக்கப்பட்டால் சைக்கிள் அங்கேயே வேலியோரம் கிடக்கும். பொழுதுபட முன் யாராவது உருட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். விஞ்ஞான கூடத்துக்குள் அவற்றை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தோம். தாய்மார் வந்து மணியை அடித்துப் பார்ப்பார்கள், சீற்றுக்குச் சுற்றிய துணியைத் தடவிப் பார்ப்பார்கள், கரியரில் கட்டிய ரப்பர் நாடாவைப் பார்ப்பார்கள். தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் ஒரு தாய் அந்த இடத்திலேயே இருந்து அழுதுவிட்டு, அடுத்த தாய்க்கு வழிவிடுவாள். தன்னுடையது என்றால் அழமாட்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே முகாமுக்குப் போவாள்.

மறுநாள் துவக்கு யார் கையில் என்ற முத்தையன்கட்டுத் தம்பியின் கேள்விக்கு டில்லியில் பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் என்று பதில் வைத்திருந்தார்கள். மீசை அரும்பாத பிள்ளைகள். 1989 கடைசியில் அம்பாறையிலிருந்து இந்தியப் படை விலகியதும் அவர்களின் முகாம்களைப் புலிகள் அடித்து விழுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு மாவட்டமாக அதுவே நடந்தது.

மாங்குளம் சந்தி:

ரீச்சர், அந்தப் பிள்ளைகளுக்காக எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் துவக்கைத் தூக்கியவன் எதிரியாகத்தானே பார்க்கப்படுவான். அதற்குப் பொறுப்பு பிடித்தவர்களுடையது.

தண்ணீரூற்று ரீச்சர்:

சரணடைந்தவனையும் அப்படித்தான் பார்த்தார்களா, சந்தி? இதே வன்னியில் 2007இலும் 2008இலும் வேறு கொடியின் கீழ், புலிகளால், வேறு பிள்ளைகள் பிடிக்கப்பட்டபோது, அவர்களை எதிரியாகப் பார்த்த இராணுவத்துக்கும் இதே நியாயத்தைக் கொடுப்பீர்களா?

மாங்குளம் சந்தி:

கொடுக்கமாட்டேன். அதை வேறாகப் பேசுவோம்.

மண்டபத்தில் இருந்தவன்:

நான் நெடுங்கேணி. 1990இல் இராமேஸ்வரம் போய் மண்டபம் அகதி முகாமில் கன காலம் இருந்தவன். அந்தக் கரையில் இந்த விவாதம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அது முழுக்கக் கட்சிச் சண்டை. தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வைகோ 1989 பெப்ரவரியில் கள்ளத்தோணியில் வந்து எங்கள் வன்னிக் காட்டில் பிரபாகரனைச் சந்தித்துவிட்டுப் போனார். வெளியே தெரிந்ததும் காங்கிரஸ் குதித்தது, அவருடைய கட்சிக்கே சங்கடம். எந்தக் காட்டை இந்தியப் படை சல்லடை போட்டுக்கொண்டிருந்ததோ, அந்தக் காட்டுக்கு இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் விருந்தாளி. 1990 மார்ச்சில் படை சென்னையில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்த படை அது. அவமானப்படுத்திவிட்டார் என்று காங்கிரஸ்காரர் பல வருடம் பேசினார்கள். அவருடைய ஆட்கள், தமிழ் இரத்தம் பட்ட கைக்கு மாலை எதற்கு என்றார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒன்றுதான். வி.பி. சிங் 1989 டிசம்பரில் பதவிக்கு வந்து படையைத் திருப்பி அழைத்துவிட்டார் என்று காங்கிரஸ் பழி சொல்லும். செப்டெம்பரில் கையெழுத்து வைத்த அரசு யாருடையது? ராஜீவ் காந்தியினுடையது. பழி ஒருவருக்கு, புகழ் ஒருவருக்கு என்று பங்கு பிரித்தார்களே தவிர, இரண்டு கட்சியும் போட்டது ஒரே கணக்கு. அடுத்த தேர்தல் மேடையில் இதை எப்படிச் சொல்வது என்ற கணக்கு.

வீரர்கள் பாவம் என்றும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழ் பேசும் பையன்கள் இருந்தார்கள். எதற்கு வந்தோம், யாரோடு சண்டை என்று அவர்களுக்கே விளங்கவில்லை. அமைதி காக்க என்று கூட்டிவந்து பத்தே வாரத்தில் போருக்குள் தள்ளினால் யாருக்குத்தான் விளங்கும்?

2001இல் பிறந்தவள்:

ஐயாமார், அம்மா, குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். இலங்கை இராணுவம் காணிகளைப் பிடித்து வைத்திருந்த கேப்பாப்புலவு என் அம்மாவின் ஊர். இராணுவமே போ என்று பெண்கள் தெருவில் பந்தல் போட்டு இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் "போ" என்ற பக்கத்தில்தான் என் மனம் நிற்கும்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது காபூல் நினைவுக்கு வந்தது. 2020 பெப்ரவரி 29இல் தோஹாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்து வைத்தன. காபூல் அரசாங்கம் அந்த மேசையில் இல்லை. அமெரிக்காவில் வெளியேற்றத்துக்குத் திகதி குறித்தது ஒரு கட்சியின் ஜனாதிபதி, நிறைவேற்றியது மறுகட்சியின் ஜனாதிபதி. 2021 ஓகஸ்ட் 15இல் காபூல் விழுந்தபோது இரண்டு கட்சியும் ஒன்றையொன்று விரல் நீட்டின. மண்டபம் ஐயா எழுதிய பழியும் புகழும் அப்படியே இருக்கிறது. இங்கேயும் பிரேமதாச புலிகளோடு பேசும்போது மாகாணசபை வெளியே நின்றது. திகதி குறித்த இடத்தில், விட்டுச் செல்லப்படுகிறவன் இல்லை. இது தற்செயலா?

குமுளமுனை:

பிள்ளை, நல்ல கேள்வி. என் பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம்.

தற்செயல் இல்லை. விட்டுச் செல்லப்படுகிறவனை மேசையில் இருத்தினால் எந்தப் படையும் வெளியேறாது. அவன் "இன்னும் ஆறு மாதம்" என்பான், ஆறு மாதம் கழித்தும் அதையே சொல்வான். 1989 ஜூலையில் ராஜீவ் காந்தி பிரேமதாசவுக்கு என்ன பதில் எழுதினார்? தமிழரின் பாதுகாப்பும் அதிகாரப் பரவலும் உறுதியாகும்வரை படை விலக முடியாது என்பதுதான் அதன் சாரம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதிகாரப் பரவல் இன்றைக்காவது உறுதியாகிவிட்டதா? அந்த நிபந்தனையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் இந்தியப் படை இன்னமும் முல்லைத்தீவில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருக்கும். ஆகவேதான் சொல்கிறேன், வெளியேற்றம் என்றால் அது திகதிதான். திகதி இல்லாத வெளியேற்றத்துக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். கேப்பாப்புலவில் உன் அம்மாவுக்கும் ஒவ்வொரு வருடமும் "கட்டம் கட்டமாக விடுவோம்" என்றுதானே சொன்னார்கள்?

2001இல் பிறந்தவள்:

ஆம், அதேதான் சொன்னார்கள்.

ஒட்டுசுட்டான் வாசகன்:

குமுளமுனை அண்ணையின் திகதி வாதத்துக்கு வன்னியே பதில் சொன்னது. கடைசிக் கப்பல் போய் மூன்று மாதம் ஆகவில்லை. ஜூன் 11இல் கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விழுந்தது, நவம்பரில் மாங்குளம். எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே பொம்மர் சுற்றியது. திகதியைப் பிடித்துக்கொண்டு வந்த சமாதானம் ஒரு சிறுபோகத்துக்குக் காணவில்லை.

தண்ணீரூற்று ரீச்சர்:

அந்த ஒக்டோபரையும் எழுதுங்கள், ஒட்டுசுட்டான். வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றிய மாதம் அது. எங்கள் தண்ணீரூற்றும் அதில் அடக்கம். பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு பள்ளிக்கூட மதிலைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 1989இல் பிள்ளைபிடிக்கு எதிராக முகாம் வாசலில் போய் நின்ற அதே தாய்மார் அன்று வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஒரேயொரு தரப்பின் கையில் மட்டும் துவக்கு இருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதற்காக இந்தியப் படை இருந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதாக எடுக்காதீர்கள். இருந்தபோதும் பார்த்தவள் நான்.

மாங்குளம் சந்தி:

ஜூன் போருக்கு இரண்டு பக்கமும் காரணம். பிரேமதாச தனிநாடு கேட்பதைத் தடைசெய்த ஆறாவது திருத்தத்தை நீக்கவும் இல்லை, சபையைக் கலைத்துப் புதுத் தேர்தல் வைக்கவும் இல்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இந்தியப் படை போனதால் போர் வந்தது என்பது சரியில்லை. பேச்சில் ஒன்றும் இல்லாததால் வந்தது.

முஸ்லிம் சனத்தின் விடயத்தில் நான் வாதாடவில்லை.

மண்டபத்தில் இருந்தவன்:

முத்தையன்கட்டு, சுற்றிச் சுற்றி எழுதுகிறோம். நேரே கேட்கிறேன். 1990 ஜனவரியில் உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போ என்பீர்களா, இரு என்பீர்களா?

முத்தையன்கட்டு:

போ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் குமுளமுனை அண்ணை சொல்வது போலத் திகதியை மட்டும் வைத்திருக்கமாட்டேன். ஆறு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை என்று மூன்று வேலை கேட்டிருப்பேன். முகாமை எவரிடம் ஒப்படைக்கிறோம் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். சபைக்கு வடக்கில் ஒரு தடவையாவது உண்மையான தேர்தல் வைக்க வேண்டும். பிடித்துவைத்த பிள்ளைகளின் ஆயுதத்தைக் களைந்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ரீச்சர் எழுதிய பிறகு, மூன்றாவதை முதலாவதாக வைக்கிறேன்.

குமுளமுனை:

தேர்தலுக்குப் புலிகள் வந்திருப்பார்களா? வராவிட்டால் உங்கள் ஆறு மாதம் இரண்டு வருடமாகும். அதுதான் நான் சொன்னது.

தண்ணீரூற்று ரீச்சர்:

பிள்ளைகளை அனுப்புவதற்கு ஆறு மாதமும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம், புலிகளின் சம்மதமும் வேண்டாம், தம்பி. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று டில்லியிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் ஒரே பகலில் முடிந்திருக்கும். மூன்றாவதோ முதலாவதோ, அதை மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சைக்கிள்கள் எங்களிடம் இருந்தன, வந்து எடுத்திருப்பார்கள்.